ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பது

சிக்கிமிலிருந்து திரும்பி ஐந்து மாதமாகிறது. பயணத்தைப் பற்றி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் காஞ்சன்ஜங்காவின் விடியலில் தொடங்கி, நான்காவது பத்தியில் ஒரு சமையலறைக்குள் போய் நின்றுவிட்டேன். அங்கே அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், என்னைக் கண்டதும் தன் முன்னாலிருந்த கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார். நடந்தது அவ்வளவுதான். அதைத் தாண்டி என் எழுத்து நகரவில்லை. அதனால் இந்த முறை மலையை விட்டுவிட்டு அந்தத் தட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லோரையும்போல் நானும் ஒரு பட்டியலோடுதான் போனேன். மோமோ, துக்பா, திங்மோ, ஷாபலே, செல் ரொட்டி, குந்துருக், சுர்பி, தோங்பா என்று நீளும் பட்டியல். எந்தச் சுற்றுலாக் கையேட்டைத் திறந்தாலும் அதன் தலையில் ஒரே வாக்கியம் இருக்கும்: நேபாள, திபெத்தியத் தாக்கம் பெற்ற மலை உணவு. அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு இப்போது இருக்கும் கோபத்தைப் பின்னால் சொல்கிறேன். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது. கேங்டாக்கில் முதல் இரண்டு நாளில் பட்டியலில் பாதியை முடித்துவிட்டேன். லாச்சுங்கில் உப்பும் யாக் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீரைக் கொடுத்தார்கள். தேநீர் என்ற நினைப்பை விட்டுவிட்டு, குளிருக்கு இதமான கஞ்சித்தண்ணீரைப்போல் குடித்தேன், பிடித்துப்போயிற்று. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினேன்.

கேங்டாக்கின் லால் பஜாரில் ஒரு காலைப்பொழுது முழுவதும் சுற்றினேன். அங்கே கூறுகட்டி விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுர்பியில் இரண்டு வகை: கையால் உதிர்த்துச் சமைக்கிற மெத்தென்ற பாற்கட்டி ஒன்று, மணிக்கணக்கில் வாயில் அடக்கிச் சுவைக்கிற, கல்லைப்போல் காய்ந்த துண்டு மற்றொன்று. நிங்ரோ என்கிற பெரணியின் சுருள் தளிர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மெத்தென்ற சுர்பியோடு சேர்த்து வதக்கினால் அந்தத் தளிருக்கு ஈடாக ஒரு கீரையை நான் சாப்பிட்டதில்லை. சிவந்து உருண்ட டல்லே மிளகாய் பாட்டில்களில் ஊறிக்கொண்டிருந்தது. நம் ஊர் சௌசௌ அங்கே இஸ்குஸ். நாம் காயை மட்டும் வாங்கிவருகிறோம். அவர்கள் கொடியின் இளந்தளிரைக் கீரையாகவும், மண்ணுக்கடியிலிருக்கும் கிழங்கை வேகவைத்தும் சாப்பிடுகிறார்கள். கொடைக்கானல் மலைச்சரிவில் காய்க்கிற அதே கொடிதான். ஒரு ஓரத்தில், இலையில் பொதிந்த சின்னச் சின்னப் பொட்டலங்களை ஒரு பாட்டி விற்றுக்கொண்டிருந்தார். பிரித்துக் காட்டினார். பழுப்பு நிற சோயா மொச்சை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வெண்மையான கோழை படர்ந்திருந்தது. நெடி முகத்தில் அறைந்தது. ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதுதான் கினெமா.

மேற்கே ஒரு கிராமம்

பெல்லிங்கிலிருந்து கேச்சியோபால்ரி ஏரிக்குப் போகும் பக்கத்தில், லிம்பு என்னும் மலைவாழ் மக்களின் குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்தில் ஐந்து நாள் தங்குவதாக ஏற்பாடு. நவம்பர் நடுப்பகுதி. மேற்கூரையிலும் முற்றத்திலும் கீரை வாடிக்கொண்டிருந்தது. நாங்கள் தங்கிய வீட்டை நடத்துபவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அவரை தீதி என்றேன். அவர் என்னை பஹினி என்றார், அதாவது தங்கை. அவருடைய மாமியாரை வீட்டில் எல்லோரும் யூமா என்றே அழைத்தார்கள். லிம்பு மொழியில் யூமா என்றால் பாட்டி. அவர்கள் வணங்கும் தாய்த்தெய்வத்தின் பெயரும் அதுவே. கேங்டாக்கில் கல்லூரியில் படிக்கிற பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். என் உடைந்த இந்திக்கும் தீதியின் நேபாளிக்கும் நடுவே அவள்தான் பாலம்.

முதல் இரவு சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், பனீர். மறுநாள் காலை ரொட்டியும் வெண்ணெயும் ஆம்லெட்டும். மதியம் மறுபடி சோறு, பருப்பு, முட்டைக்கோஸ். உங்கள் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றேன். இரவு மோமோ வந்தது. நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது விருந்தாளிக்குச் செய்த மோமோ. இரண்டாம் நாள் வற்புறுத்தியதில் குந்துருக் சூப் கிடைத்தது. கடுகுக்கீரையையும் முள்ளங்கி இலையையும் வாடவைத்து, நசுக்கி, பானையில் காற்றுப்புகாமல் அழுத்தி அடைத்துப் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காயப்போட்டு எடுப்பது குந்துருக். வெங்காயமும் தக்காளியும் காய்ந்த மிளகாயும் போட்டு நீர்க்கக் கொதிக்கவைத்திருந்தார். புளி இல்லாமல் அப்படி ஒரு புளிப்பு! நான் மூன்று கிண்ணம் குடித்ததைப் பார்த்து தீதியின் முகம் மலர்ந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்: கினெமா உண்டா? பேத்தி பாட்டியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். இந்தப் பருவத்தில் செய்வதில்லை என்றாள். அறுவடையான சோயா மொச்சை திண்ணையில் மூட்டையாக இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஏரிக்குப் போனோம். திரும்புகிற வழியில் என் முழங்கால் வலி எடுத்ததால், மற்றவர்களை விட்டுவிட்டுக் கிடைத்த ஜீப்பில் ஏறிச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிட்டேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கமாகச் சுற்றி, விறகடுப்பு இருக்கும் பழைய சமையலறைக் கதவைத் தள்ளினேன். அறை முழுவதும் புகை. அங்கே ஒரே ஒரு ஜன்னல். அது எங்கள் அறையைப் பார்த்த ஜன்னல். அதை இறுகச் சாத்தியிருந்தார்கள். யூமா, தீதி, அவருடைய கணவர், பேத்தி நால்வரும் அடுப்பைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண் கரித்தது. புகைக்கு அடியில் லால் பஜாரில் முகத்தில் அறைந்த அதே நெடி. தீதி என்னைப் பார்த்தார். அவர் கை, அவர் நினைப்பதற்கு முன்பே, பக்கத்திலிருந்த தட்டை எடுத்துக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்தது. கண்கள் ஜன்னலுக்குப் போய், சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பின. பிறகு சிரித்தார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து அப்பாவுக்கு மாற்றல் வந்து சென்னையில் ஒரு மாடிப்பகுதியில் குடியேறியபோது எனக்குப் பதினொரு வயது. வந்த முதல் மாதம், அம்மா வாளைக் கருவாடு வறுத்த ஒரு மதியம், வீட்டுக்காரர் படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, இது குடும்பம் இருக்கிற வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாங்களும் குடும்பம்தான் என்று அம்மா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்த வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டார் ஊருக்குப் போகிற நாட்களில்தான் கருவாடு. அப்போதும் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, முடிந்ததும் சாம்பிராணி போடுவார். சாப்பிடுகிற நேரம் அழைப்புமணி அடித்தால், அம்மாவின் கை முதலில் குழம்புச்சட்டியின் மூடிக்குத்தான் போகும். கண்கள் ஜன்னலுக்கு. மூவாயிரம் அடி உயரத்தையும் தாண்டிய ஒரு மலைக்கிராமத்தில், எனக்கு மொழி தெரியாத ஒரு பெண்ணிடம் அதே கையையும் அதே கண்ணையும் பார்த்தேன். இந்த முறை வாசலில் நின்றிருந்தது நான்.

தட்டை எடுத்த பிறகு

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் கொடுங்கள் என்றேன். தீதி மறுத்தார், உங்களுக்குப் பிடிக்காது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மோமோ செய்து தருகிறேன் என்றார். பேத்திதான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. இரவு கினெமா தாளித்த வாசத்தில் கோபப்பட்டு, அப்போதே வண்டி வரவழைத்துக் கிளம்பிவிட்டார்கள். போனவர்கள் இணையத்தில் இந்த வீட்டில் கழிவறை நாற்றம் என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் முன்பதிவு சரிந்தது. அதற்குப் பின் விருந்தாளிகள் இருக்கும் நாட்களில் வீட்டார் தங்கள் சாப்பாட்டைப் பின்கட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைக்கிறார்கள். நான் ‘உங்கள் வீட்டுச் சாப்பாடு’ என்று ஒவ்வொரு வேளையும் கேட்டபோதெல்லாம், அது பத்தடி தூரத்தில் புகைக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

யூமா ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டை நகர்த்தி, என் சோற்றில் இரண்டு கரண்டி வைத்தார். வெங்காயம், தக்காளி, மஞ்சள், பச்சைமிளகாய் வதக்கி அதில் கினெமாவைப் போட்டுப் புரட்டியிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: முதல் கவளம் எனக்குப் பிடிக்கவில்லை. கூர்மையான அம்மோனியா நெடி மூக்கின் உச்சிக்கு ஏறியது. ஆனால் நான் கவளத்தை விழுங்குவதற்கு முன்பே ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த வார்த்தையைக் கடன்பட்டிருப்பதாக ஒரு தவிப்பு. யூமா பேத்தியிடம் ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் கேட்டு வாங்கினேன். “மெதுவாகச் சாப்பிடச் சொல். இன்னும் அவள் வாய்க்கே போய்ச் சேரவில்லை.”

அந்த வார்த்தை என்னை நிறுத்தியது. மெதுவாகச் சாப்பிட்டேன். நாலாவது ஐந்தாவது கவளத்தில் நெடி பின்வாங்கி, வறுத்த காளானைப் போன்ற ஒரு ஆழமான ருசியும், அதற்கு அடியில் வெந்த பருப்பின் இனிப்பும் வந்தன. பிடித்ததா? அன்றைக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். புரிந்தது என்று சொல்வேன். ஒதுக்கப்பட்ட ஒரு பண்டத்தைச் சாப்பிடப் போகிறவர் தன் நல்ல மனதையே முதலில் மெல்லுகிறார். வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். நான் பாராட்டால் பொத்திக்கொண்டேன். இரண்டிலும் பண்டம் நாக்கைத் தொடுவதில்லை. எத்தனை வீடுகளில் இப்படிச் சொல்லியிருப்பேன் என்று அன்றிரவு கணக்கெடுக்க முயன்று தூக்கம் போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் யூமா தன் தோங்பாவை எடுத்தார். மூங்கில் குடுவை நிறைய நொதித்த தானியம். மேலே வெந்நீர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு, மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். நீர் குறையக் குறைய மறுபடி வெந்நீர். அந்தத் தானியத்தை நேபாளியில் கோதோ என்கிறார்கள். ஆங்கிலத்தில் கோதோ என்ற பெயரால் குறிக்கப்படுவது நம் வரகு என்பதால் அதுதான் இது என்று நினைத்திருந்தேன். கையில் வாங்கிப் பார்த்தால் கேழ்வரகு! திண்டோ என்று அவர்கள் கிளறி உண்பதும் இதன் மாவைத்தான். களி கிண்டுகிற நம் கைகளுக்கு அந்தத் துடுப்பின் பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

உப்பும் வெயிலும் இல்லாத இடத்தில்

மறுநாள் வெளியே எங்கும் போகவில்லை. புதிதாகக் கினெமா போடுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். முந்தின இரவே ஊறப்போட்டிருந்தார்கள். சிறிய மஞ்சள் சோயா மொச்சை. விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, நீரை வடித்து, மர உரலில் போட்டு உலக்கையால் லேசாக இடித்தார் யூமா. மாவாகக் கூடாது, பருப்பு இரண்டாக உடைந்தால் போதும். அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகை விறகுச் சாம்பல் எடுத்துத் தூவினார். மூங்கில் கூடையில் பெரணி இலைகளை விரித்து, அதில் கொட்டி, மேலேயும் இலையால் மூடி, சாக்கைப் போர்த்தி, அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் வைத்தார். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள். வெளியிலிருந்து உறைமோர்போல் எதையும் சேர்க்கவில்லை. இலையிலும் உரலிலும் மொச்சையிலும் இருக்கிற நுண்ணுயிர்களே போதும். முக்கியமாகப் பேசிலஸ் சப்டிலிஸ். சாம்பலின் காரத்தன்மை அதற்கு உகந்தது. வேண்டாத மற்றவற்றை அது அடக்கிவைக்கிறது. யூமாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தேவையில்லை. கரண்டியால் எடுத்தால் நூல் வரவேண்டும், அதுதான் பதம் என்றார்.

அந்தக் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. உப்பே போடவில்லை. குந்துருக்கிலும் உப்பு இல்லை. நான் பிறந்த கடற்கரையில் எதைக் காப்பாற்றவும் இரண்டே வழி: உப்பு, வெயில். இரண்டும் கணக்கில்லாமல் கிடைக்கும். வேதாரண்யத்தில் உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கும். சுறாவைக் கீறி உப்பைத் திணித்து மணலில் விரித்தால் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்த மலையில் மாதக்கணக்கில் மழை, மூடுபனி. உப்போ திபெத்திலிருந்து கணவாய் கடந்து, மனிதர் முதுகிலும் யாக்கின் முதுகிலும் வந்து சேர்ந்த பண்டம். ஆகவே இவர்கள் காக்கும் வேலையை நுண்ணுயிரிடம் ஒப்படைத்தார்கள். கீரைக்குப் புளிப்பு, மொச்சைக்கு நெடி. கருவாட்டின் நெடி கடலும் வெயிலும் சேர்ந்து செய்தது. கினெமாவின் நெடி அவை இரண்டும் இல்லாததால் வந்தது. அதை நாற்றம் என்று எழுதிவிட்டுப் போனவருக்கு அந்த மலையின் மழையைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். சிக்கிம் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜோதி பிரகாஷ் தாமாங் இமயமலையின் நொதித்த உணவுகளை ஆராய்வதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். கினெமா என்ற சொல் லிம்பு மொழியின் ‘கினம்பா’விலிருந்து வந்தது என்று அவர் எழுதுகிறார்: கி என்றால் நொதித்தல், நம்பா என்றால் சுவைமணம். பெயரிலேயே மணத்தை வைத்திருக்கும் ஒரு பண்டத்தை மணத்துக்காக மூடிவைக்கிறோம். கினெமாவின் உடன்பிறப்புகள் ஆசியா முழுவதும் இருக்கின்றன. மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி, மேகாலயாவின் துங்ரிம்பாய், தாய்லாந்தின் துவா நாவ், ஜப்பானின் நாட்டோ. ஜப்பான், ஜாவா, கிழக்கு இமயம் ஆகிய மூன்று முனைகளை இணைத்து ‘நாட்டோ முக்கோணம்’ என்ற ஒரு கருத்தை 1972ல் நகாவோ சசுகே என்ற ஜப்பானிய அறிஞர் முன்வைத்தார். அந்த முக்கோணத்தின் ஒரு முனையில் இருக்கும் நாட்டோவை இன்று உடல்நலக் கட்டுரைகள் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன. குடலுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று. இன்னொரு முனையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த பண்டத்தை ஒரு பெண் தன் சொந்த வீட்டில் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார். கூச்சம் பண்டத்தில் இல்லை. யாருடைய தட்டில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

‘தாக்கம்’ என்ற சொல்

இப்போது அந்தக் கோபத்துக்கு வருகிறேன். நேபாள, திபெத்தியத் தாக்கம் பெற்ற உணவு என்ற வாக்கியத்தை மேலோட்டமாகப் பார்த்தால் தவறில்லை. துக்பாவும் திங்மோவும் திபெத்திய மேட்டுநிலத்தோடு உறவுடையவை. செல் ரொட்டி தசாயின், திஹார் பண்டிகைகளுக்கு நேபாளி வீடுகளில் சுடுவது. ஆனால் தாக்கம் என்றால் வெளியிலிருந்து வந்து மோதியது என்று பொருள். அப்படியானால் உள்ளே இருந்தது யாருடையது? 1642ல் யுக்சோமில் புன்சோக் நம்கியால் சிக்கிமின் முதல் சோக்யாலாக, அதாவது மன்னராக, முடிசூடினார். அந்த ஊர் நான் தங்கிய கிராமத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. அந்த நூற்றாண்டிலேயே பூட்டியா, லெப்சா, லிம்பு ஆகிய மூன்று மக்களும் ஒரே குடும்பமாக இருப்போம் என்று செய்துகொண்ட உடன்படிக்கைக்கு லோ-மோன்-சோங் சும் என்று பெயர். அதில் சோங் என்பவர்கள் லிம்புக்கள். சிக்கிம் என்ற பெயரே புதிய வீடு என்ற பொருள் தரும் லிம்புச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லும் வழக்கும் உண்டு. நேபாளத்தோடான எல்லைக்கோடு லிம்புக்கள் நடுவே பின்னால் விழுந்தது. அவர்களுடைய உறவினர்கள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். அந்த அடுப்பில் வெந்தது எந்தத் தாக்கமும் இல்லை. அந்த வீட்டின் சோறு.

ஒரு கையேட்டு வரிக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று என் கணவர் கேட்டார். அந்த வரிதான் விருந்தாளி எதைக் கேட்கலாம், வீட்டார் எதைக் காட்டலாம் என்பதை முடிவுசெய்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்கும், யாரையும் முகம் சுளிக்கவைக்காத மோமோ ‘பாரம்பரிய உணவு’ என்று முன்னறைக்கு வந்துவிடுகிறது. சிஷ்னு என்கிற காட்டுச் செந்தட்டிச் சாறும், முள்ளங்கியைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்த சிங்கியும், கினெமாவும் பின்கட்டுக்குப் போய்விடுகின்றன. மலையை விட்டு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். வடகிழக்கிலிருந்து டெல்லிக்குப் படிக்க வந்த மாணவர்களுக்கென்று 2007ல் அந்நகரக் காவல்துறையே வெளியிட்ட அறிவுரைக் கையேடு ஒன்று, மூங்கில் குருத்தையும் அகுனியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நெடியடிக்கும் உணவுகளை அக்கம்பக்கத்தில் தகராறு வராமல் சமைத்துக்கொள்ளும்படி சொன்னது. வாடகை வீட்டில் கருவாடு வறுத்து வளர்ந்த யாருக்கும் அந்த வரியின் குரல் தெரியும். அது மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலில் நின்ற குரல்.

மூன்று பிளாஸ்டிக் பைகள்

கிளம்புகிற அன்று கூடை இன்னும் பதத்துக்கு வந்திருக்கவில்லை. அதனால் யூமா, முன்பே போட்டு வெயிலில் காயவைத்திருந்த கினெமாவைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார். காய்ந்தது மாதக்கணக்கில் கெடாது. தீதி எனக்குக் காலை உணவாக மறுபடி ரொட்டியும் வெண்ணெயும்தான் வைத்தார். அன்று வேறு இரண்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பின்கட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அதைத் திறங்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. முன்பதிவு சரிந்தால் அந்தப் பேத்தியின் கல்லூரிக் கட்டணம் என்னாகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, கினெமாவைப் பற்றி நல்லபடியாக எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். தீதி யோசித்துவிட்டு, குந்துருக்கைப் பற்றி எழுதுங்கள் போதும் என்றார்.

கெய்சிங்கிலிருந்து சிலிகுரி வரை பகிர்ந்துகொள்ளும் ஜீப். ஏறுவதற்கு முன், யாரும் பார்க்காமல், அந்தப் பொட்டலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுக்கிக் கட்டினேன். வண்டி ரங்கீத் பள்ளத்தாக்கில் இறங்கும்போதெல்லாம் மூச்சை இழுத்து, வாசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்த சிக்கிம்காரப் பெரியவருக்கு அது அன்றாடச் சோறு. அவர் முன்னால்கூட எனக்குத் துணிவில்லை. அத்தனை வருடம் அம்மாவின் ஈரத்துணியைப் பார்த்து மனம் கசந்த நான், என் பையின் வாயை மூன்று முறை முடிச்சுப்போட்டேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும்.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அடுக்குமாடியில் நான்காவது தளம். ஊருக்கு வந்த வாரமே அந்தக் கினெமாவை வெங்காயம் தக்காளியோடு வதக்கினேன். அடுப்பைப் பற்றவைத்ததும் அம்மா எழுந்து, பழக்கத்தில், சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனார். வேண்டாம் அம்மா என்றேன். கொக்கியில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவர் சாத்தவில்லை, அதேசமயம் கையையும் உடனே எடுக்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு வாய் மென்றுவிட்டு, “வெயில் காணாத கருவாடு மாதிரி இருக்கிறது” என்றார். அவரிடம் நான் உப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் நானே போட்டுப் பார்த்தேன். தீதியோடு தொலைபேசியில் பேசினேன். பெரணி இலைக்கு வாழை இலை போதும் என்றார். சாம்பல்தான் கிடைக்கவில்லை, எரிவாயு அடுப்பில் எங்கிருந்து சாம்பல் வரும்? தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். பெட்டியைத் திறந்து, கரித்துண்டு இல்லாமல் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பாத்திரம் தேய்க்கவா என்று கேட்டார். சமைக்க என்றேன். சென்னையின் மார்ச் வெயிலுக்குப் பரணும் சாக்கும் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் காலையிலேயே கூடத்துக்கு அந்த நெடி வந்துவிட்டது. படியில் யாரோ பேசிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கணம் பேச்சு நின்று, மறுபடி தொடர்ந்தது. ஜன்னல் திறந்திருந்தது. இலையை விலக்கி, கரண்டியால் கொஞ்சம் எடுத்து உயர்த்தினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

நூல் வந்தது.